உப்பின்றிச் சமைக்கும் புனைகதையர்

ஒவ்வோர் ஆண்டும் தைத்திங்கள் பிறந்ததும், பள்ளி ஆண்டுமலருக்கென மாணவர் எழுதித் தரும் கதைகளைத் திருத்தும் வேலை என் தலைமேல் வந்து விழும். இவ்வாண்டு வந்த கதைகள் பதினான்கு. அவற்றுள் ஒன்பது மாயக்கதைகள். இல்லாத நாடு, இல்லாத அரசன், பேசும் புலி, பறக்கும் தேர் எனப் பிள்ளைகள் மனம் போனபடி பறந்திருந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இளமை பறக்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வொன்பது கதைகளிலும் ஓர் அரண்மனை விருந்து வந்தது. ஒன்பது விருந்திலும் ஒரே உணவு வந்தது. நெருப்பில் வாட்டிய பன்றித்தொடை, அடுக்கடுக்காய் ‘ரொட்டி’, ஆவி பறக்கும் ‘சூப்பு’, வெள்ளிக் குவளையில் ‘ஒயின்’. எழுதியவர்களோ மரக்காணத்து உப்பளக்கரைப் பிள்ளைகள்!

பிள்ளைகளை நோவதற்கில்லை. அவர்கள் கண்டதையும் படித்ததையும் எழுதுகிறார்கள். மொழிபெயர்த்து வந்த மேலைக் கதைகளிலும், குரல் மாற்றித் திரையிடப்படும் படங்களிலும், அவற்றைப் பார்த்துத் தமிழில் எழுதும் நம் புனைகதையர் நூல்களிலும், அரசன் என்றால் அவன் பன்றித்தொடையைக் கடித்துத்தான் இழுக்கிறான். நம்மவர்க்கு வாளும் குதிரையும் மட்டுமா இரவல்? வாயும் வயிறுமே இரவலாகிவிட்டன. மொழியை இரவல் வாங்கியவனை மீட்டுவிடலாம். நல்ல அகரமுதலி ஒன்றும் நாணம் சிறிதும் இருந்தாற் போதும். நாவை இரவல் வாங்கியவனை எதைக் கொண்டு மீட்பது?

அவ்வொன்பதில் ஒன்று, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. கடலோரத்தில் ஒரு நாடு. அந்நாட்டைச் சூழ்ந்து கழி. கழிக்குள் பேய்களின் காவல். நல்ல கதை. பேய்கள் எழும் இடத்தில் எனக்கே சற்று மயிர் சிலிர்த்தது. வழிநடந்து களைத்த இளவரசன் ஒரு குடிசைக்குள் நுழைகிறான். குடிசைக் கிழவி அவனுக்குச் ‘சூப்பும் ரொட்டியும்’ தருகிறாள். அங்கே கதை செத்தது. அம்மாணவியை அழைத்து, “கோதுமை விளையாத கடற்கரையில் கிழவிக்கு ரொட்டி எங்கிருந்து வந்தது அம்மா?” என்று கேட்டேன்.

“மாயக்கதைதானே ஐயா, எது வேண்டுமானாலும் வரலாமே?” என்றாள்.

அவள் தாய், விடியுமுன்னே உப்பளத்துக்கு நடக்கும் கூலிப்பெண். அவள் எழுதிய கிழவியின் குடிசையிலோ உப்பு என்னும் சொல்லே இல்லை.

‘மாயக்கதைதானே, எது வேண்டுமானாலும் வரலாம்.’ பதினைந்து அகவைச் சிறுமி சொன்னால் அது அறியாமை. நரைத்த புனைகதையரும் அவர்க்கு முன்னுரை எழுதுவோரும் இதையே கொள்கைபோற் சொல்லித் திரிகின்றனர், அது சோம்பல். நெஞ்சறிந்த சோம்பல். புலி பேசலாம், பேசும் புலியை ஏற்றுக்கொள்ளும் மனத்தோடுதான் படிப்பவன் நூலைத் திறக்கிறான். பறக்கும் தேரில் எவரும் ஏறிப் பார்த்ததில்லை. ஆகவே அதில் எப்பொய்யும் சொல்லலாம். சோற்றை எல்லாரும் தின்று பார்த்திருக்கிறோம். சோற்றில் சொல்லும் பொய் முதல் கவளத்திலேயே பல்லில் கல்லாக நெறிக்கும்.

தொல்காப்பியம் படித்தவர்க்கு இது புதிதன்று. ஒரு நிலத்தின் கருப்பொருள்களை ஆசிரியர் வரிசைப்படுத்துமிடத்தில், தெய்வத்தை முதலில் வைத்தார். அதையடுத்து, விலங்கு மரம் பறவை பறை தொழில் யாழ் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னே, உணவை வைத்தார். பாட்டுக்கு அழகு சேர்க்கும் ஒப்பனையாக அவர் அதை வைக்கவில்லை. நிலத்திலிருந்து உணவு பிறக்கிறது. அவ்வுணவைத் தேடும் தொழிலிலிருந்து மாந்தர் பிறக்கிறார்கள். மாந்தரிலிருந்து கதை பிறக்கிறது. முதலை விட்டுவிட்டு முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதப்படும் நாடு நாடாகாது. துணியில் தீட்டிய நாடகத் திரையாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டா. நம் காலடி மண்ணே சான்று. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். மரக்காணத்துக்கு வடக்கே, கழிக்கும் கடலுக்கும் இடையில் இன்றும் இடைக்கழிநாடு என்னும் பெயரோடு கிடக்கிறதே, அந்நாடு. அவர் பாடிய நல்லியக்கோடனின் ஓய்மாநாடு, திண்டிவனத்துக் கிடங்கிலைத் தலைநகராகக் கொண்டது. அந்நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் முடிபு. மேலைநாட்டுக் கடலோடி ஒருவன் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் எழுதிவைத்த செலவுநூலில் ‘சோபத்மா’ என்று குறிக்கும் துறையும் இதுவே என்பர். எயிலும் சோவும் மதிலைக் குறிக்கும் ஒருபொருட் சொற்கள் அல்லவா?

அந்த எயிற்பட்டினத்துக்கு வரும் பாணனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பரதவர் வீட்டுப் பெண் வடித்த பழந்தேறலும், சுட்ட உலர்ந்த குழல்மீனும். இவ்வளவுதான். ஆனால் அடுப்பை எரித்த விறகு எது தெரியுமா? கடலலை கரையிலே கொண்டுவந்து ஒதுக்கிய மணக்கட்டை! ஒட்டகம் படுத்துறங்குவது போலக் கிடக்கும் அக்கட்டையை வெட்டி எரிக்கிறார்கள். குடிப்பதும் கடிப்பதும் மட்டுமல்ல, எரிப்பதும் அந்நிலத்துக்கே உரியது. எங்கோ ஒரு கப்பல் உடைந்திருக்க வேண்டும். எந்த மலைக்காட்டு மரமோ மிதந்து வந்திருக்க வேண்டும். அதன் விலை அறியாத அல்லது விலையைப் பொருட்படுத்தாத ஒருத்தி அதை அடுப்பில் வைக்கிறாள். விறகு ஒன்றைக் கொண்டு கடல் வணிகம் முழுவதையும் காட்டிவிட்டார் புலவர்.

கடற்கரையை விட்டு உள்ளே போகிறான் பாணன். அடுத்து வேலூர். கோட்டையும் அகழியும் உடைய இன்றைய வேலூர் அன்று. இப்பகுதியின் உப்புவேலூரே அது என்பர். அங்கு வேட்டுவப் பெண்கள் சமைத்த புளிச்சோறும், சுட்ட காட்டுப்பசு இறைச்சியும் கிடைக்கின்றன. இன்னும் உள்ளே போனால் ஆமூர், உழவர் ஊர். இரும்புப்பூண் கட்டிய உலக்கை தேயத் தேயக் குற்றிய வெள்ளரிசிச் சோறு. உடன் வயல்நண்டின் கலவை. மூன்று ஊர், மூன்று சோறு. ஓர் ஊரின் உணவை எடுத்து மற்றோர் ஊரில் வைத்தால் ஒட்டாது. கண்ணைக் கட்டி ஒருவனை அழைத்துப்போய் வாயில் ஒரு கவளம் வைத்தால், தான் எங்கே நிற்கிறோம் என்பதை அவன் சொல்லிவிடுவான். புலவர் நிலப்படம் வரையவில்லை. உணவை வரைந்தார், நிலம் தானே விளங்கிற்று. உலகு படைப்பது என்றால் இதுதான்.

“அதெல்லாம் உண்மை நாடு, நாங்கள் எழுதுவது இல்லாத நாடு” என்பார்கள். சரி. இவர்கள் யாரைப் பார்த்து எழுதுகிறார்களோ, அவரிடமே போவோம்.

மாயக்கதை எழுதுவோர் அனைவர்க்கும் இன்று ஆசானாகக் கொண்டாடப்படுபவர் ஆங்கிலேயப் பேராசிரியர் தோல்கீன். பழைய ஆங்கில மொழியை ஆய்ந்து ஆய்ந்து, அதன் வேரிலிருந்தே தம் கதையுலகை முளைக்கச் செய்தவர். (தாய்மொழிப் புலவன் கதை எழுதத் தகுதியற்றவன் என்று நம்மூரில் எள்ளுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.) அவர் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆபிட்டு’ என்னும் கதையின் தொடக்கத்தில், விருந்தாளி ஒருவர் குளிர்ந்த கோழிக்கறியும் தக்காளியும் கேட்பார். தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துப் பொருள்; தம் பழைய உலகுக்கு ஒவ்வாது. 1966-இல் வந்த பதிப்பில் அத்தக்காளியை எடுத்துவிட்டு ஊறுகாயை வைத்தார். இருபத்தொன்பது ஆண்டு கழித்து, ஒரு தக்காளிக்காக! நம் புனைகதையருள் எவராவது தம் நூலின் இரண்டாம் பதிப்பில் எழுத்துப்பிழையையேனும் திருத்தியதுண்டா?

அவருடைய பெருங்கதையை, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதியாக வெளிவந்ததை, ‘கணையாழிகளின் தலைவன்’ என்று நாம் அழைக்கலாம். அதில் முதுமையறியா மாந்தர் சுட்டுத் தரும் வழிநடை அப்பம் ஒன்று வருகிறது. ஒன்றைத் தின்றால் ஒரு நாள் முழுதும் நடக்கலாம். இலைப் பொதியில் முறியாமல் இருந்தால் நெடுநாள் கெடாது. இதைத்தான் எல்லாரும் படியெடுக்கிறார்கள். ஆனால் அதே கதையில் சாம் என்னும் தோட்டக்காரன் ஒருவன் வருகிறான். உலகின் முடிவை நோக்கி நடக்கும் அவன் மூட்டையின் அடியிலே ஒரு மரச்சிமிழ். அதற்குள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும் சிறிது உப்பு. அதைப் புதையல்போல் காக்கிறான். ஓரிடத்தில் முயற்கறி சமைக்கிறான். உருளைக்கிழங்கு இல்லையே என்று ஏங்குகிறான். அவன் மூட்டிய நெருப்பின் புகை மேலெழுந்து, அயலார் படை அவர்களைக் கண்டுபிடித்துவிடுகிறது. சமைத்தால் புகை வரும். புகை வந்தால் ஆள் வருவான். மாயக்கதையிலும் அடுப்புக்கு விலை உண்டு.

உருளைக்கிழங்கும் அமெரிக்கப் பொருள்தானே, அதை ஏன் விட்டுவைத்தார் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தம் நாட்டு உழவன் உணவு உருளைக்கிழங்கின்றி நிறைவதில்லை என்று அவர் கருதினார் போலும். அஃது அவர் மண், அவர் பற்று. அவருடைய ரொட்டியும் காளானும் பன்றி உப்புக்கண்டமும் அவர் வளர்ந்த ஆங்கில நாட்டுப்புறத்தின் உணவு. அவர் தம் தாயின் அடுப்பிலிருந்து எடுத்தார். நம்மவரோ அவருடைய தாயின் அடுப்பிலிருந்து எடுக்கிறார்கள். அவரிடம் கற்கவேண்டிய நெறியை விட்டுவிட்டு, அவர் எச்சிலை மட்டும் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் படைப்பா, பிச்சையா?

பிச்சை எடுக்க வேண்டிய வறுமையும் நமக்கில்லை என்பதுதான் பெருங்கொடுமை. வழிநடை அப்பத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே, மணிமேகலையில் சாத்தனார் ஒரு நாவற்கனியைப் படைத்தார். ‘நாவல்’ எழுதுகிறோம் என்று பிதற்றுவோர் அந்த நாவலை மறந்தார்கள். பொதியில் மலைப்பக்கம் ஒரு மரம். அது பன்னீராண்டுக்கு ஒரு முறை ஒரே ஒரு கனி தரும், பனம்பழம் அளவினது, உண்டவர்க்குப் பன்னீராண்டு பசியில்லை. விருச்சிகன் என்னும் முனிவன் பன்னீராண்டு நோன்பிருந்து அக்கனி ஒன்றையே உண்பவன். கனியைத் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடப் போகிறான். மலை காண வந்த காயசண்டிகை செருக்கோடு அதை மிதித்துச் சிதைக்கிறாள். “அடுத்த கனி பழுக்கும்வரை நீ பசித்திரு” என்பது அவன் இட்ட வசை. அன்று பற்றிய யானைத்தீ என்னும் பெரும்பசியை மணிமேகலையின் அமுதசுரபிச் சோறுதான் பின்னர் அவித்தது.

இதைவிட மாயமான உணவு உலகக் கதைகளில் அரிது. ஆயினும் எவ்வளவு கணக்கு! மரம் உண்டு, இடம் உண்டு, பருவம் உண்டு, அளவு உண்டு, காத்திருப்பவன் ஒருவன் உண்டு. ஒருத்தியின் கால் பட்டதால் மற்றொருவன் பன்னீராண்டு பட்டினி. பழம் இல்லாத ஒன்றுதான்; ஆனால் அதற்காகக் காத்திருந்தவனின் பசி இருப்பது. ஆகவே நம்புகிறோம்.

அதே காப்பியத்தில் சாதுவன் என்னும் வணிகன் கலம் உடைந்து நாகர் மலையில் கரையேறுகிறான். ஆடையற்ற, ஆளைத் தின்னும் கூட்டம். அவர்கள் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். “பெண்டிரும் உண்டியும் இல்லையென்றால் மாந்தர்க்கு இவ்வுலகில் வேறு என்ன பயன்?” என்று அத்தலைவன் சினந்து கேட்கிறான். அவர்கள் மொழி சாதுவனுக்குத் தெரியும். ஆகவே இருவரும் உணவை வைத்தே அறம் பேசுகிறார்கள். முடிவில், மூப்பால் தானே இறந்த விலங்கின் ஊனைத் தவிர மற்றதை விடுக என்று ஒரு நடுவழி காட்டுகிறான். இல்லாத கூட்டத்தின் உணவைப் புனைந்து, அதைக் கொண்டே அக்கூட்டத்தின் உள்ளத்தையும் புனைந்தார் சாத்தனார். அக்காட்சியில் ரொட்டியை வைத்துப் பாருங்கள், எல்லாம் கெட்டொழியும்.

இனி, பழங்கால அரசர் கதை எழுதுவோர் பக்கம் வருவோம். இவர்கள் மாயக்கதையரினும் ஒருபடி கீழ். சோழன் அடுக்களையில் மிளகாய் வற்றல் தாளிக்கிறார்கள்; பல்லவன் படைவீரன் நிலக்கடலை கொறிக்கிறான். மிளகாய், நிலக்கடலை, முந்திரி, உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளி, கொய்யா, அன்னாசி, பப்பாளி ஆகிய இவையனைத்தும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கிய பின்னரே, மேலையர் கலங்களின் வழி ஒவ்வொன்றாய் இங்கு வந்தன. அதற்கு முன் நம் நாவுக்கு உறைப்புத் தந்தது மிளகு. புளிப்புத் தந்தவை புளியும் மோரும் மாவடுவும். பெரும்பாணாற்றுப்படையில் மாதுளம் பிஞ்சை மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் இட்டு வெண்ணெயில் சமைத்து, மாவடு ஊறுகாயோடு படைக்கிறார்கள். எந்த மேலைக் கதையின் அரண்மனை விருந்தில் இப்படியொரு கறி உண்டு? மலைபடுகடாத்தில் மூங்கிலரிசியும் அவரை விதையும் புளிக்கரைசலும் கூடிய மலைச்சோறு வருகிறது. கூழ், களி, புற்கை, மிதவை, துவை, கும்மாயம், பிட்டு, அப்பம், தேறல், நறவு, தோப்பி என நம் பழைய நூல்களின் அடுக்களையில் சொற்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. இவற்றைத் தொடமாட்டார்கள்; ‘சூப்பு’ என்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இது நம் அணியினர்க்குச் சற்றுக் கசக்கும். மிளகாய் அயற்பொருள் என்று காட்டிவிட்டு நாம் மார்தட்டி அமர்ந்துவிடுகிறோம். அப்பொருள் வந்தபோது நம் மக்கள் செய்ததைப் பார்க்கத் தவறுகிறோம். முன்பின் கண்டறியாத ஒரு காய் கப்பலில் வந்தது. கடித்தார்கள், மிளகுபோல் உறைத்தது. ‘மிளகாய்’ என்றார்கள். மண்ணுக்குள் காய்த்த கடலை ‘நிலக்கடலை’ ஆயிற்று. உருண்ட கிழங்கு ‘உருளைக்கிழங்கு’. மரம்போல் தண்டு நீண்டு வள்ளிபோல் கிழங்கு இறங்கியது ‘மரவள்ளி’. வேலியோரத்துச் சிறுசெடியின் பெயராயிருந்த தக்காளியை, புதிதாய் வந்த செங்கனிக்கு மாற்றி வைத்தார்கள். கழகம் வைத்துக் கலைச்சொல் ஆக்கவில்லை. பண்டிதர் எவரையும் கேட்கவில்லை. சந்தையில் நின்று, நாவால் தொட்டு, தம்மிடம் இருந்த சொல்லால் இல்லாத பொருளுக்குப் பெயர் வைத்தார்கள். மாயக்கதையில் இல்லாத உணவுக்குப் பெயர் வைக்கும் முறையும் இதுவேதான். எளிய மக்கள் செய்துகாட்டிய இதைக்கூட நம் எழுத்தாளர் செய்ய முடியவில்லை என்றால் அது யார் குற்றம்?

மீண்டும் அம்மாணவியிடம் வருகிறேன். மேலே எழுதியவற்றையெல்லாம் இரண்டு வகுப்பு நேரம் அவளுக்கும் அவள் தோழியர்க்கும் சொன்னேன். எயிற்பட்டினம் நம் ஊரே என்றபோது கண்கள் விரிந்தன. பாணனுக்குத் தேறலும் சுட்ட மீனும் கிடைத்ததைச் சொல்லி, “ஈராயிரம் ஆண்டுக்கு முன்னே நம் ஊர் விருந்தைப் பாருங்கள்” என்று பெருமிதத்தோடு முடித்தேன். அப்போது அவள் எழுந்து கேட்டாள்: “ஐயா, வந்தவனுக்கு மீன் கொடுத்தாளே அந்தப் பெண், அவள் என்ன சாப்பிட்டாள்?”

முப்பது ஆண்டுகளாக அந்நூலைக் கற்பித்து வருகிறேன். இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. நூலில் விடையில்லை. மணி அடித்துவிட்டது, அது எனக்கு உதவியாயிற்று என்பதை மறைப்பானேன்?

வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினேன். பிற்கால இலக்கணமாகிய நம்பியகப்பொருள், ஐந்நிலத்து உணவைக் கூறுமிடத்தில், குறிஞ்சிக்குத் தினையும் தேனும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல்லும் கொடுக்கிறது. நெய்தலுக்கு? மீனும் உப்பும் விற்றுப் பெற்றது. பாலைக்கு? வழிப்பறியும் கொள்ளையும் தந்தது. கண்டீர்களா? இரண்டு நிலத்துக்குத் தனக்கென்று தவசம் இல்லை. ஒன்று விற்றுத் தின்கிறது. மற்றொன்று பறித்துத் தின்கிறது. உப்புநிலத்தில் உப்பு விளையும், சோறு விளையாது. உப்பை எவன் என்ன விலைக்குக் கொள்கிறானோ, அதைப் பொறுத்தது உப்பு விளைப்பவள் வீட்டு உலை. அகநானூற்றில் அம்மூவனாரின் உமணப் பெண் நெல்லுக்கு ஈடாக, அளவுக்கு அளவு, உப்பைக் கூவி விற்கிறாள். இன்று ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல்லை எவன் அளப்பான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை உப்பளப் பக்கம் நடந்து போனேன். இத்தனை ஆண்டு பேருந்துப் பலகணி வழியே பார்த்ததுண்டு; பாத்தி வரப்பில் நின்றதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்காற் பங்குக்குச் சற்றே மேற்பட்டதுதான் நாம் சோற்றில் இடும் உப்பு. கழிநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் கட்டுகிறார்கள். முதலில் சுண்ணம் போன்ற ஒன்று அடியில் படிகிறது. அதை விட்டு நீரை அடுத்த பாத்திக்கு இறக்கவேண்டும். பிறகே வெள்ளுப்பு பூக்கிறது. கடைசியில் எஞ்சுவது கசப்பு நீர். அதை வேளையறிந்து வடித்துவிடாவிட்டால் உப்பே கசந்து கசிந்துபோகும். இந்த வேளையை அளக்க அங்கே கருவியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் வரப்பில் நின்ற மூத்த அம்மையார் ஒருவர், நீரின் நிறத்தைப் பார்த்தே சொன்னார். வடகிழக்கு மழை இறங்கினால் பாத்தி முழுதும் கரையும்; பின் வெயில் திரும்பும்வரை வேலை இல்லை, கூலி இல்லை. நெருப்பின்றிச் சமைக்கும் அடுப்பு இது, கதிரவனே தீ. இதைவிட மாயமான அடுக்களையை எந்தக் கதையன் புனைந்திருக்கிறான்? அதைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளை, பன்றித்தொடையை எழுதுகிறது.

அந்த அம்மையாரிடம் நண்பகல் உணவு என்ன என்று கேட்டேன். பழைய சோறு, கருவாடு இருந்தால் கருவாடு. இல்லாத நாளில் உமரிக்கீரை. கழியோரத்து உவர்நிலத்தில் சதைப்பற்றோடு படரும் செடி அது. “அதுக்கு உப்பே போட வேணாங்க ஐயா. அதுலயே இருக்கு. வேகவச்ச தண்ணிய ஊத்திட்டுத்தான் கடையணும்” என்றார்.

எனக்குச் சிறுபாணாற்றுப்படையின் முற்பகுதி நினைவில் தைத்தது. வள்ளலைக் காணுமுன் பாணன் வீடு எப்படி இருந்தது? குட்டி ஈன்ற நாய் பால் சுரக்காமல் குரைக்கும் அடுக்களை. கூரை இற்று, சுவரில் கறையான், தரையில் காளான். பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்தால் நாணம் என்று கதவை அடைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். உப்புக் குவிந்து கிடக்கும் ஓய்மாநாட்டின் பாட்டு, உப்பில்லாக் கீரையிலிருந்துதான் தொடங்குகிறது. நாமோ அந்த அடைத்த கதவைக் கடந்து ஓடிப்போய், தேறலையும் நண்டையும் அமலைச் சோற்றையும் மேடைதோறும் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். அயலான் விருந்தை எழுதுபவன் ஒரு பொய்யன் என்றால், முன்னோர் விருந்தை மட்டும் எடுத்து முன்னோர் பசியை மறைக்கும் புலவன் மற்றொரு பொய்யன். அம்மாணவியின் கேள்வி என்னைத்தான் கேட்டது. நம் இதழ் படிப்போரையும் அது கேட்கட்டும்.

மறுநாள் அவளிடம் எனக்கு விடை தெரியவில்லை என்று சொன்னேன். உமரிக்கீரையைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். அது ‘இல்லாதவங்க’ சாப்பிடுவது என்றும், அதைப் போய்க் கதையில் யார் எழுதுவார் என்றும் கேட்டாள். தன் வீட்டு அடுப்பில் வேகும் ஒன்றைக் கதைக்குத் தகாதது என்று ஒரு பிள்ளை எண்ணுகிறதே, அது நாம் அனைவரும் கூடிச் செய்த கேடு.

ஒரு கிழமை கழித்துக் கதையைத் திருத்திக் கொண்டுவந்தாள். பேய்கள் அப்படியே இருந்தன. இளவரசன் உள்நாட்டிலிருந்து வருகிறான். அவன் நாட்டில் உப்பு பொன்போல் அரிது. அதைத் தேடித்தான் பேய்க்கழியைக் கடக்கிறான். குடிசையில் கிழவி பழைய சோற்றையும் உமரிக் கடையலையும் வைக்கிறாள். அவன் ஒரு வாய் வைத்ததும், இவ்வளவு உப்பை ஒரு கீரைக்குக் கொட்டிய இவள் பெருஞ்செல்வி என்று எண்ணி எழுந்து வணங்குகிறான். அவளோ, அவன் தன்னை எள்ளுவதாக நினைத்து, பானையின் அடியில் ஒன்றுமில்லை என்பதைக் கவிழ்த்துக் காட்டுகிறாள்.

நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. அச்சுக்குப் போகுமுன் உடன்பணியாற்றும் ஒருவர் படித்துவிட்டு, “கதை நன்றாயிருக்கிறது; ஆனால் ‘கடையல்’ என்றால் வெளியூர்க்காரருக்கு எப்படி விளங்கும்? ‘சூப்பு’ என்று போட்டுவிடலாமே” என்றார். கடையல் என்றே அச்சாகியிருக்கிறது.